அம்மாவுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது: வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்களுக்கு முப்பது வயதுக்கு முன்னே பின்னே இருக்கும். ஓசூர், சென்னை, சிங்கப்பூர் என்று எங்காவது வேலை. அப்பா இல்லை, அல்லது விவாகரத்தாகி எங்கோ தனியாக இருக்கிறார். அம்மா ஊரில் இருக்கிறார். கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் தயங்கித் தயங்கி ஒருவருடைய பெயரை உங்களிடம் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் அவருடைய வாட்ஸ்அப்பில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். அன்றிலிருந்து போனில் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. இந்த மடல் உங்களுக்குத்தான்.

நான் திருச்சிக்காரி. வயது 53. கருவூலத் துறையில் வேலை. என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மகள் பத்தாவதும் மகன் எட்டாவதும் படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். 51 வயதில் நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டேன். மகன் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். மகள் வரவில்லை. இன்றைக்கு வரை என் புது வீட்டுப் படி ஏறவில்லை. பேத்திக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் போன் வரும், கைவைத்தியம் கேட்டு. அதனால் உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாதது இல்லை. என் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியும் இருக்கிறது. பெயர் போடாததற்கும் அதுதான் காரணம்.

எல்லாரும் முதலில் கேட்பது, "இந்த வயசுல எதுக்கும்மா?" என் மகளும் அதைத்தான் கேட்டாள். இது அவளாக யோசித்த கேள்வி இல்லை, நம் ஊர் நெடுங்காலமாகக் கேட்டுவருவது. மறுமணத்துக்காக இங்கே எவ்வளவோ நடந்திருக்கிறது. சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே விதவையானவர். 1911-இல் பட்டம் வாங்கி, மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். பெரியார், குழந்தையிலேயே விதவையான தன் தங்கை மகளுக்கு வீட்டாரை எதிர்த்து மறுமணம் செய்துவைத்தார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் விதவை மறுமணத்துக்கு ஆதரவாகத் தீர்மானமே போட்டார்கள். இவர்கள் இல்லையென்றால் நானெல்லாம் பதிவு அலுவலகப் படி ஏறியிருக்கவே முடியாது. ஆனாலும் அவர்கள் கண் முன்னால் இருந்தவர்கள் குழந்தைகளும் இளம்பெண்களும். "வாழ வேண்டிய வயசு, பாவம்" என்கிற இரக்கம்தான் அன்றைக்குக் கதவைத் திறந்தது.

இன்றைக்கும் அதே இரக்கம்தான் அளவுகோல். தமிழ்நாடு அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமணத்துக்குத் தங்கமும் பணமும் கொடுக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. அதில் மாப்பிள்ளைக்கு வயது 40-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அப்படியானால் 48 வயதுப் பெண் அந்த விண்ணப்பத்தை நிரப்ப, தன்னைவிட எட்டு வயதாவது சின்னவரைத் தேட வேண்டும். (தேடினால் நீங்கள் என்ன குதி குதிப்பீர்கள் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.)

25 வயதில் கணவனை இழந்தவளுக்கு ஊரே மாப்பிள்ளை பார்க்கும். 45-ஐத் தாண்டிவிட்டால், "பிள்ளைங்க தலையெடுத்துட்டாங்க, இனி அவளுக்கு என்ன குறை?" என்பார்கள். அப்போதும் ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருக்கும்: "வயசான காலத்துல துணை வேணும்ல, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வேணும்ல." எனக்காகப் பரிந்து பேசிய உறவினர்கள்கூட இப்படித்தான் பேசினார்கள். நான் தண்ணீருக்காகக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உங்கள் அம்மாவும் உங்களிடம் அதைச் சொல்லத்தான் வந்திருப்பார். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்ததும் துணை, பாதுகாப்பு, உடம்பு முடியாத காலம் என்று பேச்சை மாற்றியிருப்பார். நான் உங்களிடம் கேட்பது இதுதான். அம்மாவுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றால், பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணமாக இருக்கட்டும். அதற்குச் சாட்சியாக நோயையும் முதுமையையும் அழைத்துவரும்படி அவரை வைத்துவிடாதீர்கள்.

அம்மா போய் அப்பா இருந்தால் என்ன நடக்கிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அத்தைகள் கூடிப் பேசுவார்கள். "பாவம், அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது." வருடம் திரும்புவதற்குள் எங்காவது ஒரு முதிர்கன்னி, ஒரு விதவை என்று ஜாதகம் வந்துவிடும். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் விசாரணை நடத்துவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துணையை இழந்தவர்கள் நாடு முழுக்க ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர். அதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். பெண்கள் அதிக நாள் உயிரோடு இருக்கிறோம், நம்மைவிட மூத்தவர்களைக் கட்டிக்கொள்கிறோம் என்பதெல்லாம் சரி. ஆண்கள் மறுபடி கட்டிக்கொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

அந்த ஐந்தரைக் கோடியில் கொஞ்சம் பேரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் ஆண்டுக்கு ஒரு முறை கருவூல நேர்காணலை முடிக்க வேண்டும். முன்பெல்லாம் ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் வரை நடக்கும். நல்ல வெயிலில் குடையும் மஞ்சள் பையுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இன்னொரு சான்று. எழுபது வயதுப் பாட்டியும் கொடுக்க வேண்டும், நாற்பது வயதுப் பெண்ணும் கொடுக்க வேண்டும். பாட்டிகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "எனக்கு மாப்பிள்ளை பாத்துக் குடுத்துட்டு இதைக் கேளேன்டி" என்று ஒரு பாட்டி சொன்னதில் அன்று கவுன்ட்டரே சிரித்தது. நாற்பதுகளில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். சில பேர் அந்த வரியை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகப் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் ஓரளவு பழகிய பிறகு சொன்னார். அவர் வீட்டுக்கு ஒருவர் வந்துபோகிறார். பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்கள். கல்யாணம் என்று பேச்செடுத்தால் மட்டும் பெரியவன் கோபப்படுகிறான், பென்ஷன் நின்றுவிடும் என்று.

அவன் சொல்லும் விதி உண்மைதான். கணவனின் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு மறுமணம் வரைக்கும்தான். மத்திய அரசில் 2006 முதல் ஒரு விலக்கு உண்டு. பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்துகொண்டாலும், வேறு வருமானம் குறைவாக இருந்தால் அவருக்கு அது தொடரும். மற்றவர்களுக்குப் பொதுவாக நின்றுவிடும். நான் கல்யாணமான வாரமே எழுதிக் கொடுத்து என்னுடையதை நிறுத்தினேன். எனக்குச் சொந்தச் சம்பளம் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது என்ற நிலையில் இருக்கும் பெண்ணால் முடியாது. விதியை மாற்றச் சொல்லி அரசுக்கு வேறொரு மடல் எழுத வேண்டும். உங்களிடம் கேட்பது வேறு. அம்மாவின் ஓய்வூதியம் நின்றால் வீட்டில் எவ்வளவு குறையும், அதை நீங்கள் இருவரோ மூவரோ பகிர்ந்து கொடுக்க முடியுமா என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததுண்டா? பெரும்பாலான வீடுகளில் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடுத்து, "நாங்க இல்லையாம்மா?"

இருக்கிறீர்கள். அதில் என்ன சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை இரவு வீடியோ காலில் வருகிறீர்கள். பேத்தி கையாட்டுகிறாள், ரைம்ஸ் சொல்கிறாள், அப்புறம் "நெட் சரியில்லம்மா, நாளைக்குக் கூப்பிடுறேன்." வாரத்தில் மீதி நாளில் அம்மா என்ன செய்கிறார் தெரியுமா? ஒரு ஆளுக்குச் சமைக்கிறார். அது எவ்வளவு சிரமம் என்பது செய்தால்தான் தெரியும். அரைத் தம்ளர் அரிசிக்குக் குக்கரில் தண்ணீர் அளவே பிடிபடாது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் சாம்பார் மூன்று நாள் வரும். முருங்கைக்காய் ஒன்று வாங்கினால் பாதி காய்ந்து போகும். மெல்ல மெல்லக் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டு மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட ஆரம்பிப்போம். போனில் கேட்டால் "சாப்பிட்டேன்" என்போம், அது பொய்யும் இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரி கத்தியது, பஸ்ஸில் ஒரு குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியது, மாதிரியான சின்ன விஷயங்களை அன்றைக்கே சொல்ல ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை அவை தாங்காது. இதைப் பிள்ளைகளால் நிரப்ப முடியாது. நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. உங்களுக்கு உங்கள் வீடு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். பிரசவம் பார்க்க அம்மாவை அமெரிக்காவுக்கு அழைக்கிறீர்கள். சென்னையில் ஏறி, துபாயில் விமானம் மாறி, குடியேற்ற அதிகாரி கேட்கிற கேள்விக்கெல்லாம் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொல்லி அவர் வந்து சேருகிறார். ஆறு மாதம் பனியில் இருந்து பத்தியச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்புகிறார். அவ்வளவு தூரம் தனியாக வரத் தெரியும் என்று நம்புகிற உங்களுக்கு, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மனிதர் நல்லவரா இல்லையா என்று பார்க்கத் தெரியும் என்று மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

என் இப்போதைய கணவர் எனக்கு எப்படிப் பழக்கம் என்று என் மகள் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். தோள்வலியில்தான் பழக்கம். ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். நாற்பதிலிருந்து அறுபதுக்குள் வருவது, அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். கை மேலே போகாது, பின்னால் போகாது. தலை பின்ன முடியாது. முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியாது. தனியாக இருக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்பிள்ளைகளுக்குப் புரியாது, பெண்பிள்ளைகளுக்குப் புரியும். எதிர்வீட்டுப் பெண் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு மாட்டிவிடச் சொல்வேன்.

பிசியோதெரபி அறையில் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும், ஏணி மாதிரிச் சின்னச் சின்னப் படிகள் வெட்டி. விரலை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கையை உயர்த்த வேண்டும். அவருக்கும் அதே தோள்வலி, இடது பக்கம். பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டார். இருவரும் ஒத்தடப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பேச்செல்லாம் பெரிதாக இல்லை. ஒரு நாள் என்னால் வழக்கமான படியைத் தொட முடியவில்லை, எரிச்சலில் கையை இறக்கிவிட்டேன். "போன செவ்வாய்க்கிழமை இதுக்கும் கீழதான் இருந்தீங்க" என்றார். எப்படித் தெரியும் என்று திரும்பிப் பார்த்தால், பலகைக்கு ஓரமாகச் சுவரில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். என் விரல் எட்டிய இடமெல்லாம் தேதியோடு. அவருடையதும் பக்கத்திலேயே இருந்தது, என்னுடையதைவிடக் கீழே. தொழிற்சாலையில் அளவு எடுத்து எடுத்துப் பழகிய கை என்று சமாளித்தார். அன்று சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வீடு வரை டவுன் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறைகூடக் கேட்கவில்லை.

அந்த அழுகையைப் பற்றி மகனிடம் சொன்னபோது, "மெனோபாஸ் டைம்மா, அதான் எமோஷனல் ஆயிடுற" என்றான். அக்கறையோடுதான் சொன்னான், கூகுளில் படித்திருக்கிறான். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. எனக்குச் சற்றுத் தள்ளி நின்றது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும். ராத்திரி நனைந்த ஜாக்கெட்டோடு எழுந்து மின்விசிறியின் கீழே நிற்பேன். இதற்கெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டும். அதிலும் முழுசாக ஒரு வருடம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.

ஆனால் வியர்வைக்குக் காரணம் ஹார்மோன் என்பதால் அழுகைக்கும் அதுவே காரணம் என்று முடித்துவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. பெரியவளான பெண் கோபப்பட்டாலும் ஹார்மோன், பிள்ளை பெற்றவள் அழுதாலும் ஹார்மோன், ஐம்பது வயதில் ஒருத்தி மனம் இளகினாலும் ஹார்மோன். அப்படியானால் ஒரு பெண் தானாக எதையுமே உணர்வதில்லையா? கணவர் இறந்தபோது எனக்கு அழ நேரமில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பணிக்கொடைக் கோப்பு, மகளின் பொதுத்தேர்வு என்று ஓடினேன். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு, தைரியசாலி" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டினேன். நாற்பதுகளின் முடிவில் அது தளர ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது நாதஸ்வரம் கேட்டால் நின்றுவிடுவேன். அலுவலகத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் முன்பு விழுங்கிக்கொள்வேன், இப்போது "இப்படிப் பேசாதீங்க சார்" என்று சொல்ல வாய் வந்தது. கண்ணீரும் ரோஷமும் ஒன்றாகத்தான் வந்தன. அதை நான் நோயாகப் பார்க்கவில்லை, திரும்பி வந்த தெம்பாகத்தான் பார்த்தேன்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதிலும் தொடுகை பிடிக்கும். வறட்சி, வலி என்று இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறோம். இதற்கு மேல் உங்களிடம் சொல்ல மாட்டேன், நீங்கள் என் பிள்ளைகள் வயது.

என் மகளுக்கு என்மேல் இருக்கும் முதல் கோபம், "அப்பாவை மறந்துட்ட." அவள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தது என் கொழுந்தனாரும் ஓரகத்தியும். நான் பத்திரிகை அடித்தேன், நகை வாங்கினேன், மண்டபத்துக்குப் பணம் கட்டினேன், மேடைக்குப் போகவில்லை. சமையல்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு மைக்கில் கேட்ட மந்திரத்தை வைத்து எது நடக்கிறது என்று ஊகித்துக்கொண்டேன். ஏன் அம்மா மேடையில் இல்லை என்று அவளும் கேட்கவில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவள் அப்பாவின் நினைவைக் காப்பாற்றும் வேலையை மொத்தமாக என் நெற்றியிலும் தலையிலும் ஏற்றிவைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான். அவருடைய படம் இப்போதும் என் புது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் இவருடைய முதல் மனைவியின் படமும் இருக்கிறது. அமாவாசைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இலை போடுகிறோம். அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலை இவர்தான் ஞாபகமாக வாங்கிவருகிறார்.

சரி, சொத்துக்கு வருவோம். இதை யாரும் முதலில் சொல்வதில்லை, கடைசியில் சொல்கிறார்கள், ஆனால் பல வீடுகளில் முதல் காரணமே இதுதான். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தபோது அதிலேயே ஒரு பிரிவு வைத்தார்கள். மறுமணம் செய்துகொண்டால், அந்தக் கணமே அவள் இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, முதல் கணவனின் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை முடிந்துபோகும். அந்தச் சட்டத்தை 1983-இல் ரத்து செய்துவிட்டார்கள். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் இறந்ததும் உங்கள் அம்மாவுக்கு வந்த பங்கு முழுக்க அவருடையது. பிறகு மறுமணம் செய்தால் அது பறிபோகாது. உச்ச நீதிமன்றமும் 2008-இல் இதைச் சொல்லியிருக்கிறது. ஆக, "கல்யாணம் பண்ணிக்கிட்டா வீட்டை எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று உங்கள் சித்தப்பா சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

உங்கள் பயத்திலும் ஒரு பாதி நியாயம் உண்டு, அதையும் ஒளிக்கவில்லை. அம்மா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து பிள்ளைகளுக்கும் அப்போதைய கணவருக்கும் சமபங்காகப் போகும். அது வேண்டாம் என்றால் உயில் எழுதினால் தீர்ந்தது. நாங்கள் இருவருமே கல்யாணத்துக்கு முன்னால் உயில் எழுதிப் பதிவு செய்தோம். என் வீடு என் பிள்ளைகளுக்கு, அவர் மனை அவர் மகனுக்கு. யார் முதலில் போனாலும் மற்றவர் கடைசி வரை குடியிருக்கலாம் என்று ஒரு வரி. உயிலை எழுதச் சொல்லி அம்மாவிடம் நேராகக் கேளுங்கள், அவருக்கு வருத்தமாகக்கூட இருக்காது. வீட்டைப் பற்றிய பயத்தை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதுதான் தாங்க முடியாதது.

ஊர் பேசுமே என்பீர்கள். பேசும். என் விஷயத்தில் சாதியையும் சேர்த்துப் பேசியது, அவர் வேறு சாதி. ஐம்பதுக்கு மேல் வாரிசு வரப்போவதில்லை, சாதிக்குக்கூட எங்களால் ஆபத்தில்லை, ஆனாலும் கோபப்பட்டார்கள். ஒரு ஆடி போய் ஒரு தை வந்தது, அதற்குள் ஊருக்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது. ஊரைவிடப் பிள்ளைகளின் வாய்க்குத்தான் பலம் அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இரண்டு மகன்களே தங்கள் அம்மாவைச் சம்மதிக்கவைத்து மறுமணம் செய்துவைத்தது சில ஆண்டுகளுக்கு முன் செய்தியாக வந்தது. கேரளத்தில் ஒரு மகன் 2019-இல் தன் அம்மாவின் இரண்டாவது கல்யாணத்தைப் பற்றி முகநூலில் பெருமையாக எழுதினார், நாடு முழுக்கப் படித்தார்கள். பிள்ளைகள் முன்னால் நின்றுவிட்டால் ஊருக்குப் பேச அதிகம் இருக்காது.

எல்லா அம்மாக்களையும் பிடித்து மணமேடையில் உட்காரவைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் தோழி ஒருத்தி 49 வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, தினமும் விடிகாலையில் காவிரிப் பாலத்தில் போய் வருகிறாள். அவளுக்கு அது போதும். இன்னொருத்திக்குக் கணவர் நன்றாகவே இருக்கிறார். முப்பது வருடம் அவரிடம் காய்கறிக் கணக்கு மட்டுமே பேசியவள், இப்போதுதான் அவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் பாடல்பெற்ற தலம் பார்த்து வருகிறாள். சில பேருக்குச் சினேகம் வேண்டும், தாலி வேண்டாம். முக்கொம்புப் பூங்காவில் ஐம்பதைத் தாண்டிய ஜோடிகளை இப்போது பார்க்க முடிகிறது. போலீஸ்காரர் எங்களை விரட்டுவதில்லை. கடலை விற்கிற அம்மாதான் "பேரப்பிள்ளைங்க வரலையா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

விசாரிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. தனியாக இருக்கிற பெண்களைக் கல்யாண ஆசை காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தால் என்ன விசாரிப்பீர்களோ அதையெல்லாம் விசாரியுங்கள். முதல் மனைவியின் இறப்புச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பு, வேலை, கடன், குடி, அவருடைய பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாம். அறிமுகமான புதிதிலேயே பணம் கேட்கிறார் என்றால் அம்மாவிடம் பேசுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து விசாரியுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் போனைத் திறந்து படிக்காதீர்கள். நாங்கள் உங்கள் டைரியைப் படித்தபோது நீங்கள் போட்ட சத்தம் எங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக, நடைமுறை. நாங்கள் முதலில் கோயிலில் விசாரித்தோம். இது முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். பல கோயில்களில் அதுதான் வழக்கம். இருவரும் இந்துவாக இருந்தால் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றி, தாலி கட்டியோ மோதிரம் போட்டோ சுயமரியாதைத் திருமணமும் செய்துகொள்ளலாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது வந்த சட்டத்திருத்தப்படி அது செல்லும், பிறகு பதிந்துகொள்ளலாம். நாங்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தோம். விண்ணப்பம் கொடுத்ததும் பெயரும் முகவரியும் அறிவிப்புப் பலகையில் 30 நாள் இருக்கும். அந்த மாதம்தான் அம்மாவுக்குக் கஷ்டமான மாதம். யார் பார்ப்பார்கள், யார் போன் செய்வார்கள் என்று தூக்கம் வராது. முடிந்தால் ஒரு வாரம் லீவு போட்டு வந்து கூட இருங்கள். 30 நாள் முடிந்ததும் தேதி வாங்கலாம், விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். இருவருடைய முதல் துணையின் இறப்புச் சான்று அசலும் நகலும் தேவை, விவாகரத்தானவர்களுக்குத் தீர்ப்பின் நகல். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். பிள்ளைகள் சாட்சியாக இருக்கத் தடையில்லை. ஆதாரும் புகைப்படமும் எடுத்துப் போங்கள். முகூர்த்த நாளென்றால் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா வயதில் இருக்கும் ஒருத்தி,
திருச்சிராப்பள்ளி